திரைக்கு அடியில் ஒரு சஹன்

மச்சான் மௌத்தான செய்தி எனக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் உறுதியானது. காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று நாட்கள் ஆகியிருந்தன. வாசலில் சைக்கிள் வந்து நின்றதும் உம்மாவும் எனக்கு மூத்தவளான ராத்தாவும் ஓடினார்கள். வந்தவர் அந்நிய ஆண் என்பதால் நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். ராத்தா கத்தியது கேட்டது. அப்போதும் நம்பவில்லை. பிறகு ஒலிபெருக்கி, "பாலமுனையைப் பிறப்பிடமாகக் கொண்ட ஜமால்தீன் காலமானார்" என்றது. அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அவரோடு டிராக்டரில் சம்மாந்துறை வயல்களுக்குப் போய்வந்த கூட்டாளிகள் உங்களுக்கு அவருடைய முகம் நினைவில் இருக்கும். ராத்தாவைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டில் மூன்று வருடம் இருந்தும், நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தது குறைவு. எனக்குத் தெரிந்தது அவருடைய வலது கையும் குரலும்தான்.

பெரியபிள்ளையானதும் என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு வீடும் கிணற்றடியும்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் தனியே சாப்பிடுவேன். பசி இருக்கும், சோறு இறங்காது. நான் மெலிந்துகொண்டு போவதைக் கண்ட உம்மா, கண்ணூறு என்று ஓதிய தண்ணீர் குடிக்கத் தந்தார்.

புது மருமகன் என்று மச்சானுக்கும் தனியே விறாந்தையில் பாய் விரித்துத்தான் சோறு வைத்தார்கள். கோழி, முட்டை, பொரியல் என்று அடுக்கிவைத்துவிட்டு, உம்மா உள்வாசல் திரை இடுக்கில் நின்று பார்ப்பார். ஒருநாள் மச்சான் பாதியில் கையைக் கழுவிவிட்டார்.

"கறி சரியில்லியா மருமகன்?"

"கறிக்கு ஒரு குறையும் இல்ல மாமி. எங்கட வீட்ட ஏழு பேரு ஒரு சஹன்ல திண்டு வளந்த ஆள் நான். இங்க தனியக் குந்தித் திங்கக்குள்ள, ஆளப் பூட்டி வெச்சிச் சோறு போடுற மாதிரி இரிக்கி."

உள்ளே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் இல்லாத வார்த்தையை அவர் சொல்லிவிட்டார்.

கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய வட்டத் தட்டை அவர் தினமும் கேட்டார். வாப்பா விடவில்லை. "வயசுக்கு வந்த குமரு இரிக்கிற வீடு. நீங்க ஆம்புள. எப்படி ஒரு தட்டுல?"

"சஹன வாசப்படில வெப்பம் மாமா. திரைச்சீலை அது பாட்டுக்குத் தொங்கட்டும். சோத்துக்கு என்ன பர்தா?"

திரையின் அடியை ஒரு சாண் மடித்துத் தைத்தது நான்தான். சஹனில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அங்கே மச்சான், இங்கே உம்மா, ராத்தா, நான். வாப்பா ஒரு கிழமை கோபமாக இருந்துவிட்டு, மாம்பழப் புளியாணம் வைத்த அன்று வந்து உட்கார்ந்தார்.

முதல் நாள் என் கை நீளவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து, "ஒரு கை குறையுதே. நாங்க பிஸ்மி சொல்லித் தொடங்காமக் காத்திரிக்கம்" என்று குரல் வந்தது. சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை. கடைசியில் நான் கையை வைத்தேன். மச்சான் சஹனை மெதுவாகத் திருப்பினார். அவர் பக்கம் உம்மா குவித்திருந்த மீன்சினை என் முன்னால் வந்து நின்றது.

உம்மா பதறினார். "மருமகனுக்கு வெச்சத்த இவள் திண்டா ஊரு சிரிக்கும்!"

"ஊரு சீலைக்குள்ள வராது மாமி."

அன்று எனக்குச் சோறு இறங்கியது. உம்மா ஓதிய தண்ணீர்தான் வேலை செய்தது என்று சொல்லிக்கொண்டார்.

ஊரடங்கு போட்ட நாட்களில் சோறும் தேங்காய்ச் சம்பலும்தான். வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை. மச்சான் சொன்னார்: "இண்டைக்கு நானும் மாமாவும் குமருதான். வெளிய போகேலா." வாப்பா சிரித்துவிட்டு, சம்பலைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். என் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதை அன்றுதான் யோசித்தாரோ தெரியாது.

"தனியத் திண்டா வயிறு நிறையும், அல்லாஹ்ட பறக்கத்து வராது" என்பார் மச்சான். வேறு உபதேசம் ஒன்றும் அவர் செய்ததில்லை.

ஜனாஸாவை அடக்கிய பிறகு மூன்று நாளும் அயலவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். நாலாம் நாள் உம்மா சமைத்தார். வாப்பாவுக்கு விறாந்தையில் ஒரு கோப்பை, கணவனை இழந்து இத்தா இருக்கும் ராத்தாவுக்கு உள்ளறையில் ஒரு கோப்பை, எனக்கு அடுப்படியில். ராத்தாவின் கோப்பையில் ஈ மொய்த்தது. இன்னும் நாலு மாதம் அவளுக்கு அந்த அறை. எனக்கு எத்தனை வருடம் என்று தெரியாது.

நான் மூன்று கோப்பைச் சோற்றையும் சஹனில் கொட்டினேன். உள்ளறையில் ராத்தாவின் முன்னால் வைத்துவிட்டு, விறாந்தைக்குக் கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டேன்: "வாப்பா, உம்மாவையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. நீங்க வராம ராத்தா திங்க மாட்டா."

வீட்டில் என் குரல் அவ்வளவு பெரிதாக அதுவரை எழுந்ததில்லை. வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். ராத்தா முதல் பிடியை எடுக்கும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சானின் சட்டைகளைப் பாலமுனைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. சோறு ஆறுவதற்குள் வீட்டாட்களைக் கூப்பிடும் துணிவு மட்டும் இருக்கிறது. அதைத் தந்தவர் அவர். அல்லாஹ் அவரைத் தனியே விடாதிருக்கட்டும்.