ஒரு சாபத்தின் மொழிபெயர்ப்பு

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். உட்கார்ந்து நாலு வரி எழுத முடியாத அளவுக்குக் கோபம்.

இப்போதும் ஆறவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்... என் பங்குத் தவறையும் சேர்த்து.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பார்மசியின் மேல்மாடியில் நான் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாடு – சிங்களத்திலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து சிங்களத்துக்கு. அன்று திங்கட்கிழமை. காலைத் தேநீரோடு போனைத் திறந்தேன். ஃபேஸ்புக்கில் ஒரு நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். எழுதினால் வேலை போவது தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கு அல்ல. தோட்ட ஆபீஸ் வாசலில் கொழுந்து பறிக்கப் போகாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இதுதான். போன மழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சிங்களத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வேறெங்கே குடியிருக்கலாம் என்று மட்டும் எந்த மொழியிலும் எழுதவில்லை. ஐந்து குடும்பங்கள் பார்த்தன, பார்த்தன, கடைசியில் தேயிலை பிடுங்கி வெறுமனே கிடந்த ஒரு மேட்டில் தகரம் அடித்துக் கொட்டில் போட்டுக்கொண்டன. தோட்ட நிர்வாகம் ஆளனுப்பி அத்தனையையும் கழற்றியது. தகரங்களை ஸ்டோரில் வைத்துப் பூட்டியது. குடும்பங்கள் சட்டி பானையோடு தோட்டத்து மண்டபத்தில்.

கழற்றியவர் வாச்சர் பண்டா. பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர். பல வருடமாக இந்தத் தோட்டத்தில்தான் காவல் வேலை. நன்றாகத் தமிழ் பேசுவார்.

நேரலையில் ஒரு பெண் எழுந்து அவருக்கு நேராக விரலை நீட்டினாள். செல்வமணி. போன வருடம் மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக என்னிடம் வந்தவள்.

"எங்க வீட்டுல சோறு தின்ன கைதானே அது? அந்தக் கையாலயா எங்க தகரத்த புடுங்குனீங்க? அந்தக் கை வெளங்காமப் போயிரும்!"

பண்டா தலையைக் குனிந்துகொண்டார். எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்தது. அவர் தலையிலிருந்து ரத்தம். போன் ஆடியது. நேரலை போட்டுக்கொண்டிருந்த தம்பியின் குரல் மட்டும் உச்சத்தில் கேட்டது.

"பாருங்க மக்களே! சிங்களவன் நம்ம தாய்மார் மேல கை வச்சிட்டான்! ஷேர் பண்ணுங்க!"

யாரும் யார் மேலும் கை வைத்ததை நான் பார்க்கவில்லை. தம்பி சொன்னார், நான் நம்பினேன். அடிபட்ட பெண் எங்கே என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம் இல்லையா? பார்க்கவில்லை. 'நம் பெண்கள் மேல் கை வைக்க யார் இவர்கள்?' என்று எழுதி நானும் ஷேர் செய்தேன். படித்தவள், இரண்டு மொழி தெரிந்தவள், உங்களுக்கு வாராவாரம் நியாயம் சொல்பவள்!

அதுவரை அது தகரப் பிரச்சினை. அந்த ஒரே வாக்கியத்தில் இனப் பிரச்சினை ஆகிவிட்டது. ஆக்கியவர்களில் நானும் ஒருத்தி.

மத்தியானத்துக்குள் இன்னொரு வீடியோ வந்தது. அதே காட்சி, அதே செல்வமணி, கீழே சிங்கள எழுத்து. 'கை வெளங்காமப் போயிரும்' என்று அவள் வாய் சொல்கிறது. எழுத்து என்ன சொல்கிறது தெரியுமா? 'இவன் கையை வெட்டுங்கள்.'

அடுத்த காட்சி – ரத்தம்.

எத்தனையோ வருடமாக நான் செய்கிற வேலை இது. ஒரு எழுத்துப் பிசகினாலும் சான்றிதழைத் திருப்பி அனுப்புவார்கள். இங்கே ஒரு ஏழைப் பெண்ணின் வயிற்றெரிச்சலைக் கொலை உத்தரவாக மாற்றியிருக்கிறார்கள்... எவனும் திருப்பி அனுப்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள்.

மேசையை ஓங்கி அறைந்தேன். தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. அப்போதுதான் போன் வந்தது. செல்வமணியின் கணவர் யோகராஜ்.

"அக்கா, செல்வமணிய பொலிஸ் புடிச்சிட்டாங்க. அவதாங்க பண்டா மண்டைய துண்டால கட்டி, த்ரீவீலர்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனா. வாசல்லயே வச்சு புடிச்சிட்டாங்க. சட்டையெல்லாம் ரத்தமா இருக்குன்னு... என்னமோ சிங்களத்துல எழுதி கையெழுத்து கேக்குறாங்களாம்."

நம்புகிறீர்களா? இரண்டு வீடியோவிலும் அந்தக் காட்சி இல்லை. ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிய காட்சி, இந்தப் பக்கத்துக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்துக்கும் தேவைப்படவில்லை.

பொலிஸ் நிலையத்தில் செல்வமணி ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கையில் காய்ந்த ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, நான் திட்டுனேன். அத இல்லைங்கல. ஆனா கல்லு நான் எடுக்கலங்க."

சார்ஜன்ட் வாக்குமூலத்தை நீட்டினார். வாசித்தேன். ரத்தம் தலைக்கேறியது. 'கையை வெட்டும்படி மற்றவர்களிடம் கூறினேன்' என்று அவள் வாயால் சொன்னதாகவே எழுதியிருந்தது.

"இதை யார் மொழிபெயர்த்தது?" சிங்களத்தில் கேட்டேன்.

"அதான் வீடியோவில் இருக்கிறதே மிஸ்."

"சேர், அது சாபம். கை முடங்கிப் போகும் என்று அர்த்தம். உங்கள் ஊரிலும் மனசு வெந்தால் சாபம் போடுவார்கள்தானே?"

"எல்லாம் ஒன்றுதானே?"

"ஒன்று என்றால் அவள் சொன்னதையே எழுதலாமே?"

அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். நிலையப் பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் மூன்று முறை வீடியோவை ஓட விட்டார், மூன்று முறையும் நான் அதே அர்த்தத்தையே சொன்னேன். கடைசியில் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். எழுதியதை வரிக்கு வரி வாசித்துச் சொன்ன பிறகுதான் செல்வமணி கையெழுத்துப் போட்டாள். ஆனால் விடவில்லை. காயப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் நீதிமன்றம். பண்டா தலைக்கட்டோடு வந்தார். கூடவே அவருடைய கிராமத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். வெளியே வராந்தாவில் ஒருவன் அவர் தோளைப் பிடித்து, "அவள்தான் என்று சொல்லு. மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது என் காதில் விழுந்தது. செல்வமணிக்கு அந்தச் சிங்களம் புரியவில்லை. நல்லவேளை.

உள்ளே கேட்டபோது பண்டா சொன்னார்: "திட்டினாள். நான் அவள் வீட்டைக் கழற்றினேன், அதனால் திட்டினாள். கல் பின்னால் கூட்டத்திலிருந்து வந்தது. அவள் எனக்கு முன்னால் நின்றாள். கட்டுப் போட்டதும் அவள்தான்."

செல்வமணியைச் சரீரப் பிணையில் – ஆள் ஜாமீனில் – விட்டார்கள். பண்டா வெளியே வந்தபோது அவரோடு வந்த ஒருவரும் அவரோடு போகவில்லை. தனியாகப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

நாங்கள் நீதிமன்றத்தில் நின்ற அதே நேரம், இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் ஜன்னல்களுக்குக் கல்லடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாக்கள் கொழுந்துக்குப் போன பிறகு கைக்குழந்தைகள் தூங்குகிற இடம். அங்கே பிள்ளை பார்க்கிற ஆயா தொட்டில்கள் மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறார். அவர் முதுகிலும் கழுத்திலும் கண்ணாடி. தொட்டில் சீலையிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கினார்கள், நானும் போய்ப் பார்த்தேன். பால் மணக்கிற சீலை. அதில் கண்ணாடி.

'கையை வெட்டு' என்று எழுதியவன் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். அவன் கையில் ஒரு கீறல் இல்லை. 'கை வச்சிட்டான்' என்று கத்தியவருக்கும் இல்லை. தகரத்தைக் கழற்றச் சொன்ன துரையை இரண்டு வீடியோவிலும் காணவே காணோம். மண்டை உடைந்தது வாச்சருக்கு. சிறைக் கதவு வரை போனது கொழுந்து பறிப்பவள். கண்ணாடி குத்தியது ஆயாவுக்கு. எப்படி இவ்வளவு சரியாகக் குறி பார்க்கிறார்கள்?

என் பதிவை அழித்தேன். நடந்ததை அப்படியே எழுதி, நான் ஷேர் செய்தது தவறு என்று போட்டேன். சிங்களத்திலும் போட்டேன். தமிழில் வந்த முதல் கருத்து: 'சிங்களவனுக்கு வால் பிடிக்கிறாள்.' சிங்களத்தில் வந்த முதல் கருத்தை மொழிபெயர்க்க என் நாக்கு கூசுகிறது.

பிறகு அந்த நேரலையை ஆரம்பத்திலிருந்து நிதானமாகப் பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. செல்வமணி பேசிக்கொண்டிருக்கும்போதே கெமரா அவளை விட்டு மெல்ல பண்டாவின் தலைக்குப் போகிறது. போய் அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகுதான் கல் வருகிறது.

நேரலைத் தம்பிக்குப் போன் எடுத்தேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இந்தத் தம்பி எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்.

"கல்லு எறிஞ்சது யாரு தம்பி?"

"கூட்டத்துல யாருன்னு எப்பிடிக்கா தெரியும்?"

"தெரியாமலா முன்கூட்டியே கெமராவ அங்க திருப்புனீங்க?"

"அக்கா, நாலு பொம்பளைங்க சும்மா உக்காந்திருந்தா யாருக்கா பாப்பாங்க? ரத்தம் வந்தாத்தான் கொழும்புல திரும்பிப் பாப்பான். இப்ப அந்தத் தோட்டம் எல்லாருக்கும் தெரியுமா இல்லையா?"

"தோட்டம் தெரியும். தகரம் தெரியுமா?"

லைனைத் துண்டித்துவிட்டார். அந்த வீடியோவை செல்வமணியின் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். பொலிஸ் விசாரிக்கிறதாம்... விசாரிக்கட்டும்.

போன ஞாயிறு, தோட்டத்து மண்டபத்தில் நல்லிணக்கக் கூட்டம். ஐந்து குடும்பங்கள் குடியிருக்கிற அதே மண்டபம்தான். பெரியவர்கள் வருகிறார்கள் என்று அவர்களுடைய சட்டி பானை, பாய், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் வெளியே அள்ளி வைத்து, படங்குச் சீலை போட்டு மூடி, உள்ளே உட்காரக் கதிரை போட்டிருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், துரை, சமயத் தலைவர்கள். நேரலைத் தம்பிக்கும் ஒரு கதிரை! மொழிபெயர்க்க நான். சகோதரத்துவம், ஒரு தாய் மக்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

கேள்வி நேரத்தில் செல்வமணி எழுந்தாள்.

"எல்லாரும் நல்லா பேசுனீங்க. எங்க தகரத்த எப்ப தருவீங்க?"

கூட்டம் நடத்தியவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, அது இன்னைக்கு விசயமில்லை" என்றார். என் பக்கம் குனிந்து, "இதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார்.

மொழிபெயர்த்தேன். கூட்டாமல் குறைக்காமல். என் மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமல் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

கடைசி வரிசையில் பண்டா எழுந்தார். தலையில் இன்னும் பிளாஸ்டர். "மேல் ஸ்டோரில் இருக்கிறது. நான்தான் அடுக்கினேன். ஒன்றுகூட வளையவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு உட்காரவும் இல்லை. அவருக்கு இனி அந்தத் தோட்டத்தில் வேலை இருக்குமா? எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மேடையிலிருந்த பெரிய அதிகாரி துரையைப் பார்த்தார். துரை கூரையைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். "கொடுக்கலாம்" என்றார் கடைசியில்.

பெண்கள் அங்கேயே எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் ஆகுமுன் தகரங்களைத் தலையில் சுமந்து அந்த மேட்டுக்கு ஏற்றினார்கள். பண்டா ஒரு தகரத்தில் கை வைத்தபோது செல்வமணி தடுத்தாள்.

"விடுங்க. நாங்களே தூக்கிக்குவோம்."

"கோர்ட்டுல உனக்காகப் பேசினவராச்சே" என்றேன் மெதுவாக.

"நெசத்த சொன்னாரு, அதுக்கு கும்புடுறேன். புடுங்குனதும் அவருதானேங்க அக்கா. ஒடனே மறக்கச் சொன்னா எப்பிடி?"

கொட்டில் நிற்கிறது. காணி இன்னும் அவர்களுடையது அல்ல. நாளைக்கு வேறொரு வாச்சர் வரலாம்.

அன்று மேட்டுக்கு நேரலைத் தம்பியும் வந்திருந்தார். 'நமது போராட்டத்துக்கு வெற்றி' என்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். செல்வமணி நேராக அவரிடம் போனாள்.

"தம்பி, போன பைக்குள்ள போட்டுட்டு இந்த தகரத்து மூலைய கொஞ்சம் புடிங்க."

தம்பி தகரத்தைப் பிடிக்கவில்லை. அவருக்கு அடுத்த தோட்டத்தில் போராட்டம் இருந்ததாம்.