பொகோட்டாப் பயணத்தை நிறுத்த நான் வைத்த நேர்த்தி

முருகனை நம்புகிற அடியார்களே, பக்தியோடு எழுத வேண்டிய இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொய் சொல்லி என்ன பிரயோசனம்? கடைசிவரை வாசியுங்கள்.

போன வருடம் மாசி மாதம், மொன்ரியலில் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஒரே மகள் தாரணி சாப்பாட்டு மேசையில் வரைபடம் ஒன்றை விரித்தாள். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இறங்கி, எக்குவடோரின் தலைநகர் கீட்டோ வரைக்கும் மலைப்பாதையால் பஸ்ஸிலேயே போகப் போகிறாளாம். முதுகில் ஒரு பை. தனியாக.

"ஏன், அந்த ஊர்களுக்குப் பிளேன் இல்லையோ?"

"இருக்கம்மா. பஸ்ஸில போனாத்தானே வழியெல்லாம் பாக்கலாம்."

வழி பார்க்கப் போகிறாளாம், வழி! நான் திருகோணமலைக்காரி. கொழும்பு பஸ்ஸை ஒவ்வொரு செக்பொயின்றிலும் மறித்து, இறக்கி, பையைக் கொட்டிக் காட்டச் சொன்ன யுத்த காலத்தில் வளர்ந்தவள். அப்படி இறக்கப்பட்ட என் தம்பி திரும்பப் பஸ்ஸில் ஏறவே இல்லை. நாங்கள் தலைவிதியே என்று போன பயணத்தை இவள் ஆசைக்குப் போகிறாளாம்!

என் மனுசன் தடுத்தாரா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தில் விரலை ஓட்டினார். "எல்லையைப் பகலில கடந்திடு பிள்ளை" என்று புத்தி வேறு சொன்னார். இரண்டு பேரோடும் கதைப்பதை நிறுத்தினேன். சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குவதுதான் என் வேலை. அடுக்கிக்கொண்டே இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அவள் அந்தப் பைக்குள் அரிசி மூட்டையை வைத்துச் சுமந்து, மொன்ரியல் மலைப் படிகளில் ஏறிப் பழகினாள். வீட்டுக்கு வந்தால் மூச்சு இளைக்கும்.

"ஒழுங்காச் சாப்பிடாட்டி இளைக்காம என்ன செய்யும்? படியேற ஏலாதவவுக்கு மலை கேக்குது!" என்று பையைக் காலால் தள்ளினேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த இளைப்பு. சோம்பல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். வேறு யாரிடம் கேட்பது? இங்கே குடும்ப வைத்தியர் ஒருவர் கிடைக்கவே பெயர் பதிந்து வருடக்கணக்காகக் காத்திருக்கிறோம். நினைத்தால் அதுவும் ஆத்திரம்தான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன். "முருகா, இந்தப் பயணம் நிக்கவேணும். நிண்டா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பன். நிக்காட்டி இனி உன்ர வாசலுக்கு வரமாட்டன்."

சித்திரையில் பயணத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் நாலு வார்த்தை சொல்லி வெருட்டுவார் என்ற ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டு போனேன். உயரமான மலைக்குப் போகிறாளே என்று டொக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் வைத்தார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"அம்மா, இதயத்தில சத்தம் கேக்குதாம். ஸ்கான் செய்து பாக்கும்வரைக்கும் மலைப்பக்கம் போகக்கூடாதாம்" என்றாள் தாரணி.

பயணம் நின்றது. நான் கேட்டது கிடைத்துவிட்டது!

ஸ்கானில் தெரிந்தது, பிறந்ததிலிருந்தே அவளுடைய இதயத்தில் ஓட்டை. நான் நேரே கோயிலுக்குப் போனேன். "பயணத்தை நிப்பாட்டச் சொன்னனே தவிர, என்ர பிள்ளையின்ர நெஞ்சில கை வைக்கச் சொன்னனானோ? தம்பி போனது உனக்குக் காணாதோ?" என்று வாய்விட்டுக் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் திருநீற்றோடு வந்தார். வாங்காமல் வெளியேறினேன்.

பிறகு இதய டொக்டரிடம் போனோம். "நல்ல நேரத்தில் கண்டுபிடித்தோம். இன்னும் சில காலம் போயிருந்தால் நுரையீரல் கெட்டு, ஓட்டையை அடைக்கவே முடியாமல் போயிருக்கும்" என்றார். எப்படித் தெரியவந்தது என்று கேட்டார். தாரணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொகோட்டாவுக்குப் போக வெளிக்கிட்டதால" என்றாள்.

நான் கரித்துக் கொட்டிய அந்தப் பயணம்தான் என் பிள்ளையை டொக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. என் சொல்லைக் கேட்டு அவள் முதல் நாளே வரைபடத்தை மடித்திருந்தால்?

ஆடியில், நெஞ்சைக் கிழிக்காமல், தொடை இரத்தக் குழாய் வழியாக ஒரு சின்ன மூடியை அனுப்பி ஓட்டையை அடைத்தார்கள். இப்போது படியேறிக்கொண்டே வாய் ஓயாமல் கதைக்கிறாள்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். நேர்த்தி நேர்த்திதானே. "பயணம் நிண்டதுக்கோ அம்மா நன்றி?" என்று பக்கத்தில் வந்தவள் சீண்டினாள். "வாயை மூடிக்கொண்டு நட" என்றேன். பாலைக் கொடுத்துவிட்டு, "முருகா, இனி இவள் போகவேணும். போய்ப் பத்திரமா வரவேணும்" என்று மாற்றிக் கேட்டேன்.

டொக்டரும் போகலாம் என்றுவிட்டார். பங்குனியில் விமானம். அதுவும் சரியாக ராகுகாலத்தில்! அதனால் முதல்நாளே நல்ல நேரம் பார்த்து, காலால் தள்ளிய அதே பையை நானே தூக்கிப்போய்க் கீழ்வீட்டு பிரெஞ்சுக்கார மனுசியிடம் வைத்தேன். பை படி தாண்டினால் எங்களுக்குப் பயணம் தொடங்கிவிட்ட மாதிரி. அந்த மனுசி ஒன்றும் விளங்காமல் "மெர்சி" என்று நன்றி சொன்னாள்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நேற்று வேலையில் நிற்கும்போது தாரணியின் செய்தி வந்தது. "அம்மா, எல்லையில இறக்கினவங்கள். முத்திரை குத்தினவங்கள். மற்றப் பக்கம் பஸ் ஏறீற்றன்."

போத்தல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இறங்கிய பிள்ளை திரும்ப ஏறிவிட்டது.

ஆத்திரமா, அந்த ஆத்திரத்தோடேயே முருகனிடம் போங்கள். சண்டை பிடியுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.