கறுப்புத் திரையில் வந்த கேள்வி

தொண்ணூறுகளின் நடுவில், கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, கல்கத்தாவில் ஓர் ஆய்வு அலுவலகத்தின் கணினி அறையில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். பெஹாலாவில் வாடகை வீடு. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம்.

கணினி அறையின் ஜன்னல்களைத் திறக்கவே மாட்டார்கள். ஏசியில் விரல் விறைக்கும். திரைகளில் படமோ பட்டனோ கிடையாது; கறுப்பின் மேல் பச்சை எழுத்துகள் மட்டும். கட்டளையை அடித்து எண்டரைத் தட்ட வேண்டும். சரியாகச் செய்திருந்தால் இயந்திரம் ஒன்றுமே சொல்லாது. அந்த மௌனம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. சேர்ந்த அன்றே எங்கள் அறைத் தலைவர் கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் காட்டி, "இது உன்னைத் திருப்பிக் கேட்காது. போனது போனதுதான்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் எந்த வரியை அடித்தாலும் முணுமுணுத்துப் படித்துப் பார்க்காமல் எண்டரைத் தொடமாட்டேன். பேய் வீட்டுக் கதவைத் திறப்பவள் மாதிரிதான் வேலை பார்த்தேன்.

ஆறுதலுக்குப் புத்தகம் இருந்தது. லேக் மார்க்கெட் சந்தில் ஒரு வாடகை நூலகம். டிராகன்களும் சூனியக்காரிகளும் அந்நிய கிரகங்களும் நிறைந்த, அட்டை கிழிந்த ஆங்கில நாவல்களை அங்கிருந்து அள்ளிக்கொண்டு வருவேன். டிராமில் படிப்பேன். டிபன் வேளையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வேன். அந்தச் சமயம் கையிலிருந்தது, காற்றே இல்லாத ஒரு கிரகத்தில் மூச்சுக்காற்றைத் தயாரிக்கும் இயந்திரத்தின் கதை. அதைக் காவல் காப்பவள் ஒருத்திதான். ஒரு நாள் இயந்திரம் தானாகவே அவளோடு பேச ஆரம்பிக்கிறது.

சித்திரை மாதத்து மத்தியானம். கால்பைசாகி என்னும் கோடைப் புயல் மூண்டு, கண்ணாடிக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியபோது, நான் அடிக்காத ஓர் ஆங்கில வரி என் திரையில் இருந்தது.

'இயந்திரம் அவளிடம் பேசிவிட்டதா?'

கைகளைக் கீபோர்டிலிருந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அறையில் ஒருவரும் இல்லை. திரையைத் துடைக்கும் கட்டளையை அடித்தேன், வரி மறைந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா பிடித்துக்கொண்டாள். "என்னளா, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ஏசி ஒத்துக்கல."

"அந்தப் பொஸ்தகத்த கொஞ்ச நாளைக்கு மூடி வையி. கண்டதையும் படிச்சா கண்டதுந்தான் தோணும்."

மறுநாள் இன்னொரு வரி வந்தது: 'பயப்படாதே.'

அதற்குத்தான் அதிகம் பயந்தேன். நான் பயப்படுவது அதற்கு எப்படித் தெரியும்? இயந்திரம் பேசாது என்று புத்திக்குத் தெரியும். அப்படியானால் எவனோ ஒருவன் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். நான் படிப்பது தெரிந்தவனுக்கு நான் ஏறும் டிராமும் தெரிந்திருக்கும். அன்றைக்குச் சாயந்திரம் டிராமில் பின்னால் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். தலைவரிடம் முறையிடவும் துணிச்சல் வரவில்லை. வேலை நேரத்தில் கதைப் புத்தகமா என்று அவர் கேட்டால் தற்காலிக வேலை என்ன ஆகும்?

அலமாரியில் தூசி படிந்து கிடந்த தடிமனான கையேட்டை எடுத்தேன். அதுவரை சொல்லிக்கொடுத்த கட்டளைகளை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி அடித்துக்கொண்டிருந்தவள், பயம் பிடரியைப் பிடித்துத் தள்ள, வரிவரியாகப் படித்தேன். திரையும் கீபோர்டுமாக இருந்த எல்லா டெர்மினல்களும் ஒரே பெரிய இயந்திரத்தில் கோத்தவை. ஒவ்வொரு திரையும் அந்த இயந்திரத்துக்கு ஒரு கோப்பு மாதிரி. இன்னொருவர் திரையில் யாரும் எழுதலாம். வேண்டாமென்றால் கதவைச் சாத்த ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளையை உடனே அடித்தேன். சில நாள் ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியிலும் என்னால் உட்கார முடியவில்லை.

அப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையை அடித்துப் பார்த்தேன். டிபன் வேளை என்பதால் என்னைத் தவிர ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மேல்மாடி அறை டெர்மினல்.

படியேறிப் போனேன். அறையில் என்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளுத்த தாந்த் கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி. படிக்கட்டில் பார்த்த முகம்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"மேலதிகாரிகிட்ட சொல்லிட்டியா?" என்றாள் வங்காளத்தில்.

"எதை?"

"நான் எழுதினதை. நீ கதவைச் சாத்தினதும் புகார் கொடுத்துட்டியோன்னு நெனச்சேன். தினமும் மெமோ வரும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். எனக்கும் தற்காலிக வேலைதான்."

"நீங்கதானா தீதி? ஏன் பேர் போடல?"

"படிக்கட்டுல உன் கையில அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். உனக்கு முன்னாடி நூலகத்துல நான்தான் எடுத்திருந்தேன். அதைப் பத்திப் பேச இங்க யாரும் இல்ல. வேடிக்கையா இருக்கும்னு பேர் வராத வழியில எழுதினேன். நீ பயந்திருப்பியோன்னு அப்புறம்தான் உறைச்சுது. அதான் பயப்படாதேன்னு ஒரு வரி."

எனக்குக் கோபம் வந்தது; சிரிப்பும் வந்தது. அவளுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றே என் திரையின் கதவைத் திறந்தேன். டிபன் வேளைகளில் பச்சை எழுத்தில் பேசிக்கொண்டோம்: எந்த டிராகன் பொய் சொல்கிறது, எந்தக் கிரகத்தில் குடியிருக்கலாம், நீளமான கோப்பில் ஒரு சொல்லை எப்படித் தேடுவது. அவள் ஒரு கட்டளை சொன்னால் நான் ஒன்று சொல்வேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'அலுவலகக் கணினியில் சொந்த உரையாடல் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' பெயர் எதுவும் இல்லை. அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒருவரையொருவர் பாராமல் அதைப் படித்தோம். எங்கள் வரிகளை யார் படித்தார்கள், எவ்வளவு நாளாகப் படித்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. நடவடிக்கை என்று ஒன்றும் வரவில்லை. வரும் வரும் என்றே அந்த வருஷம் போயிற்று.

சனிக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சந்திக்க ஆரம்பித்தோம். அவள் தோசையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே தான் படித்த கதையைச் சொல்வாள். அங்கேயும், இலை போடுபவர் நகர்ந்து போகும்வரை, இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினோம்.