வேடியப்பன் சாகும் இடம்

என் தங்கச்சி புருஷன் சகாதேவனுக்கு வாய்தான் சொத்து. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் கல்யாணம், காது குத்து, காரியம் எதுவானாலும் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து படம் போடுவான். விசேஷம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிய என் மல்லாட்டை குடோனில் கதவைச் சாத்திக்கொண்டு போடுவான். குடோன் எனக்குச் சொந்தம் என்பதே அவனுக்கு நினைவிருக்காது. மச்சான் என்றால் இளிச்சவாயன் என்று யார் சொல்லிவைத்தார்களோ.

தொண்ணூற்றிரண்டில் மெட்ராஸ் போனவன், கராத்தே படம் என்று நம்பி ஒரு கேசட்டை வாங்கிவந்தான். போட்டுக்கூடப் பார்க்காமல் நேரே கூட்டத்துக்கு முன்னால் ஓடவிட்டான். பார்த்தால் பொம்மைப் படம். பேச்சு ஜப்பான் பேச்சு. உலகமே எரிந்து சாம்பலான பிறகு, மிச்சமிருக்கும் சிலர் தண்ணீருக்காகக் கையாலும் காலாலும் அடித்துக்கொள்கிற கதை. கூட்டம் முணுமுணுத்ததும் இவன் டீவி பக்கத்தில் போய் நின்று தமிழில் அளக்க ஆரம்பித்தான். படத்தில் யார் வாயைத் திறந்தாலும் இவன்தான் பேசினான்.

சண்டைக்காரர்கள் எல்லாரும் வெள்ளை வெளேர் என்று, நீலக் கண்ணும் மஞ்சள் முடியுமாக இருந்தார்கள். ஒருத்தன் மட்டும் நம் நிறம். அவன் தலையைக் காட்டியதும் பசங்க விசிலடித்தார்கள். சகாதேவனுக்குக் குஷி தாங்கவில்லை. "வந்துட்டான்டா நம்ம வேடியப்பன்!" என்று கத்திவிட்டான்.

வேடியப்பன் அவனுடைய சிநேகிதன். டவுனில் கராத்தே கற்றுக்கொண்டு, கூழ் ஊற்றும் திருவிழாவில் வெறுங்கையால் ஓடு உடைத்துக் காட்டியவன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து செத்தான். சேதி கிடைத்து அவன் அம்மா கன்னியம்மாள் போய்ச் சேர்வதற்குள் அனாதைப் பிணம் என்று புதைத்துவிட்டிருந்தார்கள். எந்த இடம் என்றுகூட யாரும் காட்டவில்லை.

பேர் வைத்த பாவி, கதை எங்கே போகிறது என்று பார்த்து வைத்தானா? படத்தில் மற்றவர்களுக்கெல்லாம் சின்ன வயசுக் கதை, அழுவதற்கு ஒரு காதலி, எல்லாம் இருந்தது. நம் ஆளுக்கு ஒன்றும் இல்லை. சகாதேவன்தான் அவனுக்கு ஊர் கொடுத்தான், அம்மா கொடுத்தான், அவள் கிண்டிய களியும் கொடுத்தான். பாதிப் படத்தில், குழந்தைகளை மறைத்து நின்று அடி வாங்கி அவன் செத்துப்போனான்.

அடுத்த ஞாயிறு கன்னியம்மாள் வந்து முன்னால் உட்கார்ந்தாள். உன் பிள்ளை டீவியில் வருகிறான் என்று யாரோ புண்ணியவான் போய்ச் சொல்லியிருக்கிறான். வேடியப்பன் சாகும் இடம் நெருங்கியதும் சகாதேவன் டெக்கை நிறுத்தினான்.

"டேப்பு சிக்கிக்கிச்சு. இன்னைக்கு அவ்ளோதான்!"

நின்றுபோன படத்தில் அந்தக் கறுத்த முகம் நடுங்கிக்கொண்டே இருந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. பாழாய்ப்போன அந்த டெக்கில் நிறுத்திவைத்தால் எல்லா முகமும் அப்படித்தான் நடுங்கும். தெரிந்தும் என்னால் பார்க்க முடியவில்லை. மூட்டை எடுக்கத் தனியாகக் குடோனுக்குள் போகவே அப்புறம் பயமாக இருந்தது.

அவள் வாராவாரம் வந்தாள். டேப்பும் வாராவாரம் சிக்கியது. வம்புக்கென்றே பிறந்த பசங்ககூட வாயைத் திறக்கவில்லை. சோற்றில் கைவைத்தால் எதிரில் வேடியப்பன் உட்கார்ந்திருக்கிறான் என்று சகாதேவன் என் தங்கச்சியிடம் சொன்னானாம்.

"கேசட்டத் தூக்கிப் போட்டுடறேன் மச்சான்" என்றான் என்னிடம்.

"போட்டுட்டு அந்தம்மாவுக்கு இன்னா சொல்லுவ?"

கேசட்டை மறுபடி உறைக்குள் போட்டான். அந்த மாசியில் ஒரு ஞாயிறு, அவன் நிறுத்தப்போகையில் கன்னியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நிறுத்தாத சாமி. செத்துடறான்னு எனக்குத் தெரியும்."

"வேணாம் பெரிம்மா."

"அன்னைக்குத்தான் நான் கூட இல்ல. இன்னைக்காவது இருக்கறேன். ஓட்டு."

ஓட்டினான். அவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஜப்பான் பேச்சு மட்டும் கேட்டது. வேடியப்பன் விழுந்தான். அவள் அழவில்லை. டீவிக்குப் பக்கத்தில் நகர்ந்து, "தோ இருக்கறேன்டா, தோ இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் முடிக்காரன் அவனைத் தாண்டிப் போனான். குழந்தைகளும் பின்னாலேயே போய்விட்டார்கள். காட்சி மாறி வேறு ஊர் வந்தது.

அவள் சகாதேவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்க யாரும் வரலியா?"

"வந்தாங்க பெரிம்மா. நம்ம ஊர் ஆளுங்க. தூக்கினு வந்து ஏரிக்கரையில அடக்கம் பண்ணாங்க."

"நான் பாக்கலியே."

"கூட்டம் ஜாஸ்தி."

"மேளம் வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அப்புறம் அவள் வரவில்லை.

சகாதேவன் அந்த இடத்தில் படத்தை நிறுத்துவதையும் விட்டுவிட்டான். டீவியில் வேறு ஊர் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் இவன் பாடை கட்டினான், பூ போட்டான், மேளம் அடித்தான், ஊர்க்காரர் நாலு பேரின் பேரைச் சொல்லித் தோள் கொடுக்கவைத்தான். ஒருமுறை டவுனிலிருந்து வந்திருந்த ஒருத்தன் சிரித்தான்.

"படத்துல அதெல்லாம் எங்கப்பா வருது?"

பின்னாலிருந்து ஒரு பையன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "பொணம் போவுது, உக்காந்துனு இருக்கறியே. எழுந்திருடா."

குடோன் முழுக்க எழுந்து நின்றது. நானும் மூட்டையை விட்டு இறங்கி நின்றேன்.