படலையில் தொங்கிய களை

எண்பதுகளில், சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் நான் விதைத்த கத்தரி முளைக்கவேயில்லை. விதைக்காத முளைக்கீரைதான் செழித்தது. சரியென்று விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை போனால், பக்கத்துத் துண்டுக்காரச் சுவிஸ் கிழவி அதை முழுக்கப் பிடுங்கிக் குவித்துவிட்டு, என் நன்றிக்காகக் காத்து நிற்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததோ "மெர்சி" மட்டும்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கீரையை அள்ளிப் பையில் அடைத்தேன்.

"அது களை," என்றாள்.

சாப்பிடுவதுபோல் கையால் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை என் துண்டின் வாசல் படலையில் ஒரு பை தொங்கியது. உள்ளே அவளுடைய துண்டில் களையாகப் பிடுங்கிய அதே கீரை, இடையிடையே வெறும் புல்.

"உங்களை நக்கலடிக்கிறாளப்பா," என்றாள் மனைவி.

இருக்கலாம். ஆனால், நக்கலடிக்கிறவள் புல்லைக்கூட மண் போகக் கழுவியா தருவாள்?