நாலாம் மாடியில் ஒரு பெட்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவருடைய கம்பெனியில் வைத்த பேர் சந்தேகம். ‘சந்தேகம் வந்தாச்சு, இன்னிக்கு எந்த லிஃப்டுக்கு நேரம் சரியில்லையோ’ என்றுதான் சூப்பர்வைசர் காலையில் வரவேற்பார். இவர் சிரிக்க மாட்டார். திறந்து பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை. வீட்டுக்குப் புது இஸ்திரிப் பெட்டி வந்தால் கூட அடித்தட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அது சட்டையைத் தொடலாம். பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஸ்டார் ஸ்குரூடிரைவர் இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக மேலும் கீழும் மட்டுமே போய்க்கொண்டிருந்த மனுஷர், போன வருஷம் ஒரு நாள் பக்கவாட்டில் போனார். ஒரு குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் லிஃப்டுக்கு ஸ்பேர் பார்ட் வருவதற்காகக் காத்திருந்தபோது, அந்த வீட்டுக்காரர் ‘சும்மா உக்காந்து பாருங்க’ என்று தன் கேமிங் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். விமானம் ஓட்டும் விளையாட்டு. எழும்பியதும் கீழே ஒரு ஆறு திரும்பியது, வயல்களின் மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்தது. பத்தாவது நிமிஷம் கடலில் இறக்கிவிட்டார். நாலு சுவருக்கு நடுவில் கிரீஸ் வாசனையோடு பாதி ஆயுளைக் கழித்த ஆளுக்கு அது போதும். அன்றிலிருந்து ஒரே நினைப்பு: அந்த மாதிரிக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று தன் வீட்டில் வேண்டும்.

“தலை நரைச்சாச்சு, இப்பத்தான் ஏரோப்ளேன் விடத் தோணுதா?” என்றாள் மனைவி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் வாய் எழுந்து நிற்கும்.

“கால் வலிக்குதுன்னு சொன்ன. வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு குடு.”

“குடுக்கறேன். வாங்கறதா இருந்தா என் தம்பி கடையில வாங்குங்க. வேற கடையில வாங்கிட்டு வந்தீங்கன்னா அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

அவரிடம் இருந்தது ஒரே ஒரு தடவை கைக்கு வந்த போனஸ் தொகை. இன்னொரு முறை இப்படிச் சேரப்போவதில்லை. பாகம் பாகமாக வாங்கித் தானே கோர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். நாலு கடை ஏறி இறங்கி விலை எழுதினார். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றே முக்கால்வாசியை விழுங்கியது. அதே கார்டு போட்டு, தயாராகக் கோர்த்து, விளக்கெல்லாம் எரிய மச்சினன் கடையில் நிற்கும் பெட்டியோ கைக்கு அடங்கும் விலை. அங்கேதான் அவருக்கு உறுத்தியது. உதிரியாக வாங்கினால் அதிகம், முழுசாக வாங்கினால் குறைவு என்றால், எங்கேயோ கை வைத்திருக்கிறான். எங்கே என்பதுதான் கேள்வி.

மச்சினனுக்கும் அவருக்கும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. கடை நாலாம் மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பவர் இவர். கடை திறந்த அன்று காலையில் மாதச் சோதனைக்குப் போனவர், லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றில் கம்பி அறுந்திருப்பதைப் பார்த்து லிஃப்டைப் பூட்டி, கதவில் கம்பெனி சீல் ஒட்டிவிட்டார். வந்த கூட்டம் படியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாள் மச்சினன் அந்த சீலைக் கிழித்து, தன் சரக்கை லிஃப்டிலேயே மேலே ஏற்றினான். இவர் விடவில்லை. கட்டடச் சங்கத்தார் எல்லோரும் நிற்க, ரிஜிஸ்டரில் அவன் பேரை எழுதி, அவனையே வாசிக்க வைத்தார்.

சனிக்கிழமை பகலில் கடைக்குப் போனார்.

“வாங்க மாமா. லிஃப்டுல வந்தீங்களா, படியிலயா?”

“படியில.”

“நீங்க பாக்கற லிஃப்டை நீங்களே நம்பலன்னா நாங்க எப்படி ஏறுறது?”

பில் போடும் பெண் குனிந்துகொண்டு சிரித்தாள்.

பெட்டி மேசை மேல் இருந்தது. கறுப்பு நிறம், ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே மூன்று மின்விசிறி பச்சையும் சிவப்பும் மினுக்கின. கார்டு தெரிந்தது, மற்ற பாகங்கள் தெரிந்தன. அடியில் பவர் சப்ளை இருக்கும் இடம் மட்டும் கறுப்புத் தகட்டுக்குப் பின்னால்.

“பவர் சப்ளை என்ன கம்பெனி?”

“நல்ல கம்பெனி மாமா.”

“நல்ல கம்பெனிக்குப் பேர் இருக்குமே.”

“சொன்னா உங்களுக்குத் தெரியவா போகுது? இது தொங்குற சாமான் இல்ல, உக்காந்து வேலை செய்ற சாமான்.”

லிஃப்ட் மெக்கானிக் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். இறக்கினார். பின்பக்கத்தை மட்டும் தூக்கினார். லிஃப்டின் எதிர் எடைக் கட்டைகளைத் தோளில் வைத்து இறக்கிப் பழகிய உடம்பு. எடையில் அதை ஏமாற்ற முடியாது.

“லேசா இருக்கு.”

“கிலோ கணக்குல விக்கறதில்ல மாமா. வேணும்னா கீழ காய்கறிக் கடையில தராசு வாங்கியாரச் சொல்லட்டுமா?”

“இவ்வளவு பெரிய கார்டுக்குச் சோறு போடற சாமான் இவ்வளவு லேசா இருக்கக் கூடாது. திறந்து காட்டு.”

மச்சினன் பெட்டியின் பின்னால் விரலை வைத்தான். ஒரு திருகாணியின் தலைமேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. “சீல் இருக்கு. இதைப் பிரிச்சா வாரண்டி போச்சு. ஒரு வருஷம் என்ன கோளாறு வந்தாலும் நான் பாத்துக்கறேன்னு அர்த்தம் இதுக்கு.”

“கோளாறு வந்தப்புறம் பாக்கறவன் நீ. வர்றதுக்கு முன்னாடி பாக்கறவன் நான்.”

“அப்படிப் பாத்துத்தானே என் கடை திறப்பு அன்னிக்கு லிஃப்டைப் பூட்டினீங்க.”

“கயிறு பிஞ்சிருந்தது.”

“நாலு கம்பி.”

“பதினொண்ணு.”

“நாலு, மாமா. நானும் டார்ச் அடிச்சுப் பாத்தேன்.”

“உனக்கு எண்ணத் தெரியலன்னா அதுக்குக் கயிறு என்ன பண்ணும்?”

பேச்சு பேச்சாக இருக்கும்போதே கை தன் வேலையைச் செய்துவிட்டது. எதிரில் பூட்டின பெட்டி இருந்தால் அவர் கை யாரையும் கேட்பதில்லை. ஸ்குரூடிரைவர் ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டு இறங்கி, மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. இனி நிறுத்தி என்ன. மீதித் திருகாணிகளையும் கழற்றித் தகட்டை எடுத்தார். உள்ளே பவர் சப்ளை, தகரத்தால் செய்த காலி டப்பா மாதிரி. லேபிளில் எண்கள் இருந்தன, கம்பெனிப் பேர் இல்லை. கட்டைவிரலால் அழுத்தினார். தகரம் உள்ளே போய் வெளியே வந்தது.

“இதான் உன் நல்ல கம்பெனியா?”

மச்சினனுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி சங்கத்து ஆளுங்க நிக்க ஒருத்தர் எனக்கு ஒரு சட்டம் சொன்னார். சீல் யார் உடைச்சாங்களோ, ஓடினாலும் நின்னாலும் இனி அவங்கதான் பதில் சொல்லணும்னு. ரிஜிஸ்டர்ல எழுதி, என் வாயாலயே வாசிக்க வெச்சார். அது யார்னு ஞாபகம் இருக்கா மாமா?”

ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும்.

பில் போடும் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, “பரவால்ல சார், வேற ஒட்டிடலாம்” என்று மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அதே வெள்ளை ஸ்டிக்கர் ஒரு முழு ரோல் இருந்தது. மச்சினன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் இழுப்பறையை மூடிவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் அந்த மூடிய இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒட்டிவிட்டு இறங்கிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. காசு பையிலேயே இருக்கும். ஆனால் கிழிந்த சீல் மேல் புது சீல் ஒட்டிய ஒருவனை அவரே கம்பெனியை விட்டுத் துரத்தியிருக்கிறார். அவன் பிள்ளைகுட்டிக்காரன் என்று சூப்பர்வைசர் கெஞ்சியும் கேட்கவில்லை.

“பில் போடும்மா,” என்றார். “சீல் உடைச்சது வாங்கினவர்னு அதுலயே எழுது.”

“கார்வரைக்கும் தூக்கிட்டு வரவா மாமா?”

“எனக்குக் கார் இல்லன்னு உனக்குத் தெரியும்.”

“லிஃப்டுல போங்க, வேலை செய்யுது. உங்க கையெழுத்து இருக்கு.”

பெட்டியை அணைத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

வேறு பவர் சப்ளை வாங்கக் கையில் மிச்சமில்லை; ஞாயிற்றுக்கிழமை காலை அதோடேயே விமானம் எழும்பியது. ஆறு வந்தது, வயல் வந்தது. இருபத்துமூன்றாவது நிமிஷம், மலைக்கு நேராகத் திரும்புகையில், திரை கறுத்துப் பெட்டி மொத்தமாக அணைந்தது. சுட்ட தகரத்தின் நாற்றம் லேசாக வந்தது. அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சொன்னேனா இல்லையா. அந்தச் சந்தோஷத்தோடு கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

“என்ன, சத்தம் நின்னுபோச்சு?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

சொன்னால் அவள் தம்பிக்குப் போன் போடுவாள். அவன் சிரித்த முகத்தோடு வந்து, ‘உங்களுக்காக வாரண்டி இல்லாமலே பாக்கறேன் மாமா’ என்பான். அதைக் கேட்பதைவிட விமானம் மலையிலேயே மோதட்டும்.

“இறக்கிட்டேன்,” என்றார்.

அடுத்த மூன்று வாரம் பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே வேலைக்குப் போனார், ராத்திரியில் ஓவர்டைமும் பார்த்தார். பிறகு வேறொரு கடையில், கையில் வாங்கியதும் கை தாழும் ஒரு பவர் சப்ளை வாங்கி, அதையும் திறந்து பார்த்துவிட்டு மாட்டினார். விமானம் மலையைத் தாண்டியது. பழைய டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. கருவிப் பையின் அடியில் போட்டுக்கொண்டார்.

மாதச் சோதனைக்கு அந்தக் கட்டடத்துக்குப் போன அன்று, நாலாம் மாடியில் மச்சினன் கடை வாசலில் நின்றிருந்தான்.

“பெட்டி எப்படி மாமா ஓடுது?”

“சீல் உடைச்சவன் நான். பதில் நான் எனக்குச் சொல்லிக்கறேன்.”

மேலே ஏறி மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கயிற்றை டார்ச் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அறுந்த கம்பி ஒன்றாவது கிடைக்குமா என்று மனசாரத் தேடினார். பிரேக் பார்த்தார், கதவுப் பூட்டுப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து கயிறு. ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஆனது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. கயிறு அவரே மாற்றியது.

ரிஜிஸ்டரைத் திறந்து ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தில் அடுத்த மாதத்துப் பக்கத்திலும் அந்தக் கையெழுத்து பள்ளமாகப் பதிந்திருந்தது.