சுவரைப் பார்த்து நின்ற பிரிட்ஜ்

சந்தேகப்படுவதில் நான் பதினொரு வயதிலேயே தேர்ந்தவள். பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி தந்த ஆசிரியை, எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதே என்று ஒருநாள் சொல்லிவைக்க, அந்த உபதேசத்தை நான் எங்கள் தெருவின் மீதே பிரயோகித்தேன். போட்டியின் தலைப்பு, "பசிக்குக் காரணம் யாது?"

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகும் எங்கள் தெருமுனையில், பிரியாணிக் கடை பாய் தம் பழைய பிரிட்ஜ் ஒன்றை நிறுத்தியிருந்தார். வீட்டில் மிஞ்சியதைச் சிலரும், மிஞ்சாததைச் சிலரும் அதில் கொண்டுவந்து வைப்பார்கள், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் கதவு தெருவைப் பார்த்து இராது. சுவரைப் பார்த்து இருக்கும். இடையே ஓர் ஆள் நிற்குமளவு இடைவெளி. தெருவில் போகிறவர்களுக்குப் பெட்டியின் முதுகு மட்டுமே தெரியும்.

தருமத்தில் ஒளிவெதற்கு? என் முதல் கேள்வி அதுதான்.

அரையாண்டு விடுமுறையில் துப்பறியத் தொடங்கினேன். பன்னிரண்டு மணிக்குப் பொட்டலங்களைப் பார்த்துவைப்பேன். இரண்டு மணிக்குப் போனால் தினமும் ஒன்று குறைந்திருக்கும். தினமும் ஒருவரே எடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். இஸ்திரி வண்டிக்காரரைச் சந்தேகித்தேன். தண்ணீர் கேன் போடும் அண்ணனைச் சந்தேகித்தேன். எங்கள் வீட்டாரை மட்டும் சந்தேகிக்கவில்லை.

வீட்டில் அப்பா, அம்மாவோடு சித்தப்பாவும் இருந்தார். மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. விடிந்ததும் நீலச் சட்டையில் கிளம்பிவிடுவார். பகல் சாப்பாடு கம்பெனி கேன்டீனில் என்பதால் அம்மா அவருக்கு டப்பா கட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கக் கூட்டத்தில் அனுமதி கேட்டு எழுந்தேன். பிரிட்ஜில் நாள்தோறும் களவு நடக்கிறது என்று முழங்கினேன்.

பாய் சிரித்தார். "எடுத்துக்கத்தானே பாப்பா வெச்சிருக்கோம்? அதுக்குப் பேரு களவா?"

"உண்மையாகவே பசித்தவர் என்றால் முகத்தைக் காட்ட ஏன் அஞ்சவேண்டும்?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காக ஒரு விநாடி நிறுத்தினேன். கிடைத்தது. முதலில் தட்டியவர் சித்தப்பா.

"தலைவரே சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னா பாய்? திருப்பி வெச்சிடலாம்" என்றார் என்னைக் காட்டி. வேறு மூவரோடு சேர்ந்து அதைத் தூக்கித் திருப்பியவரும் அவரே. கதவு இப்போது தெருவைப் பார்த்தது, எதிரே டீக்கடை பெஞ்சு.

அடுத்த நான்கு நாட்கள் ஒரு பொட்டலமும் குறையவில்லை. தயிர்ச் சாதம் புளித்தது, சப்பாத்தி விறைத்தது. பாய் அவற்றை வாளியில் கொட்டிக்கொண்டு போகையில் என்னைப் பார்த்த பார்வையைத் தோற்றவரின் பார்வையென எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மாலை சித்தப்பா ஒன்பது தோசை சாப்பிட்டார். சட்னியை விரலால் வழித்தார்.

"கேன்டீன்ல இன்னிக்கு இன்னா போட்டாங்க?" என்றாள் அம்மா.

"அதே சாம்பார் சாதந்தான் அண்ணி."

பின்கட்டில் ஊறிய நீலச் சட்டையைப் பிழிந்த அம்மா, வாளித் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் கிரீஸ் படிந்து கறுத்திருக்கும் தண்ணீர் தெளிவாக இருந்தது. சோப்பு மாற்றிவிட்டாள் போலும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மாவும் பாயும் பிரிட்ஜை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் மறித்தேன்.

"சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கும்மா! நீ எப்படி மாத்தலாம்?"

"தீர்மானத்த நீயே வெச்சுக்கோ. இந்தப் பக்கம் ஒரு கை புடி."

பிடித்தேன். என் தீர்மானத்தை என் கையாலேயே தள்ளவேண்டியதாயிற்று.

அன்று முதல் பன்னிரண்டரைக்கு அம்மா எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் சூடாகச் சாதம் கட்டிக் கொண்டுபோய் அதில் வைத்தாள். மிஞ்சியதை அல்ல, முதலில் எடுத்ததை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், அது சித்தப்பாவுக்குப் பிடித்தது. மூன்று மணிக்கு டப்பா கழுவித் துடைத்து அதே தட்டில் இருக்கும். திருடன் பாத்திரம் கழுவுவானா என்ற கேள்வி எழத்தான் செய்தது. அம்மாவும் உடந்தை என்று முடிவு செய்து, அவளையும் என் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

பள்ளி திறந்ததும் போட்டி. மழை பொய்த்தல், விலை ஏறுதல், விளைந்தது கிடங்கில் வீணாதல், கிடைப்பதைப் பகிராத மனம் எனப் பசிக்கு நான்கு காரணங்களை ஏற்ற இறக்கத்தோடு அடுக்கினேன். அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில், நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்த சித்தப்பா எல்லோருக்கும் பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

கம்பெனி அவரை நிறுத்தி அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததை, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அன்று மேடையிலிருந்து நான் கண்டுபிடித்தது வேறு. வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, வேலை நேரம். காய்ச்சல் என்று கம்பெனியில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று சந்தேகித்தேன். முதல் பரிசு வாங்கிய பெருந்தன்மையில், அதை யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.